இடிபாடுகளில் உருண்ட பந்து

ருஷ்ய நாட்டிலே, வால்கா நதியின் மேற்குக் கரையிலே, அறுபது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது ஒரு நகரம். அகலம் சொற்பம், நீளம்தான் பிரமாதம். நதியென்னும் நீலப் பட்டுக்கு யாரோ கரை கட்டி நெய்தாற்போல் இருக்கும். ஜார் சக்கரவர்த்திகள் காலத்தில் அதன் பெயர் சாரித்சின். 1925 முதல் ஸ்டாலின்கிராட். 1961 முதல் வால்கோகிராட்.

ஊருக்கு மூன்று பெயர் என்றால், அந்த ஊர்க் கால்பந்துக் கோஷ்டிக்கு ஏழெட்டுப் பெயர்! அந்தக் கோஷ்டியின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

"கால்பந்தா? அது நம் வீட்டுப் பையன்கள் சமாசாரம் ஆயிற்றே!" என்று சகோதரிகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்தக் கதையில் பந்தை உதைத்தவர்கள் ஆண்கள் என்பது வாஸ்தவம். ஆனால் பந்து உருளுவதற்கு அந்த ஊரில் ஒரு தெருவும் ஒரு சுவரும் மிஞ்சியதற்குக் காரணமானவர்களில் பெண்கள் பலர். அதையும் சேர்த்தே சொல்கிறோம்.

எல்லாம் ஒரு தொழிற்சாலையில் ஆரம்பித்தது. ஸ்டாலின்கிராட்டின் வடக்குக் கோடியில் டிராக்டர் செய்வதற்காக ஒரு மாபெரும் ஆலை எழும்பியது. அதற்குப் படம் போட்டுக் கொடுத்தவர் யார் தெரியுமோ? அமெரிக்காவில், டெட்ராய்ட் நகரத்தில், மோட்டார்த் தொழிற்சாலைகள் கட்டிப் பெயர் வாங்கிய ஆல்பர்ட் கான் என்ற கட்டடக் கலைஞர். கட்டடத்தின் இரும்புச் சட்டங்கள் கூட அமெரிக்காவில் தயாராகிக் கப்பலேறி வந்தன. முதலாளித்துவ நாட்டின் இரும்பு, பொதுவுடைமை நாட்டின் டிராக்டர்! 1930-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் தேதி முதல் டிராக்டர் வெளியே வந்தது. ஆனால் அதற்கு முன்னாலேயே, 1929-ல், ஆலையைக் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் ஒரு கால்பந்துக் கோஷ்டியைச் சேர்த்து விட்டார்கள். கூரை போடுவதற்கு முன் கோல் கம்பம் நட்டுவிட்டார்கள் என்று சொல்லலாம்!

அந்நாளைய ருஷ்யாவில் கால்பந்துச் சங்கங்கள் எல்லாமே ஏதாவது ஒரு தொழிலையோ இலாகாவையோ சேர்ந்தவை. போலீஸ் இலாகாவுக்கு 'டைனமோ', மோட்டார்த் தொழிலாளிகளுக்கு 'டார்ப்பிடோ', ரயில்வேக்காரர்களுக்கு 'லோகோமோட்டிவ்' என்று. இந்த ஊர்க் கோஷ்டிக்கு நிலைத்த பெயர் 'டிராக்டர்'. பெயர் கொஞ்சம் முரட்டுப் பெயர்தான். ஆனால் 1938-ல் நாட்டின் முதல் பிரிவில் இடம் பிடித்து, அடுத்த வருஷமே நாலாவது ஸ்தானத்துக்கு வந்துவிட்டது. மாஸ்கோவின் பெரிய கோஷ்டிகளெல்லாம் வெளியூர்க்காரர்களைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தன. அலெக்ஸாந்தர் பொனொமர்யோவ் என்ற இருபது வயது இளைஞர் கோல் மேல் கோலாகப் போட்டுத் தள்ளினார். பிற்காலத்தில் சோவியத் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராகப் பெயர் பெற்றவர். 1941-ல் மாஸ்கோ டார்ப்பிடோ அவரைக் கொண்டுபோய்விட்டது. வளர்த்து ஆளாக்குவது சிற்றூர், கொண்டுபோவது தலைநகர் என்பது எந்த நாட்டிலும் உள்ள வழக்கந்தானே?

அதே வருஷம் ஜெர்மனி ருஷ்யாவின் மேல் பாய்ந்தது. ஆட்டம் நின்றது.

* * *

டிராக்டர் ஆலை இப்போது டாங்கி ஆலையாயிற்று. ஏர் உழுகிற யந்திரத்தைச் செய்த கைகள் 'டி-34' என்ற யுத்த டாங்கியைச் செய்தன. 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் தேதி ஜெர்மன் விமானங்கள் அந்த ஊரை ஒரே நாளில் தீக்காடாக்கின. அன்றைக்கே ஜெர்மன் டாங்கிப் படை ஒன்று நகரத்துக்கு வடக்கே வால்கா நதியை எட்டிவிட்டது. டிராக்டர் ஆலைக்கு அது கூப்பிடு தூரம்.

அங்கே அவர்களை எதிர்த்து நின்றது யார்? 1077-ஆவது விமான எதிர்ப்புப் பீரங்கிப் படை. அதில் பீரங்கியை இயக்கியவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூடப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த பெண்கள். ஆகாயத்தில் வரும் விமானத்தைச் சுடுவதற்குத்தான் அவர்களுக்குப் பயிற்சி; தரையில் ஊர்ந்து வரும் டாங்கியைச் சுட அல்ல. அவர்கள் பீரங்கி வாய்களைக் கீழே தாழ்த்தினார்கள். டாங்கிகளைச் சுட்டார்கள். 37 பீரங்கி மேடைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அழிகிற வரையில் சுட்டார்கள். பீரங்கிகளுக்குப் பின்னால் நின்றவர்கள் பெண்கள் என்று தெரிந்தபோது ஜெர்மன் சிப்பாய்கள் திகைத்துப் போனார்கள் என்பது சரித்திரத்தில் பதிவான விஷயம்.

பிறகு நடந்ததை விவரித்தால் இந்த இதழ் முழுவதும் போதாது. அக்டோபரில் டிராக்டர் ஆலையே ஜெர்மானியர் வசமாயிற்று. அறைக்கு அறை, மாடிப்படிக்கு மாடிப்படி சண்டை. ஜூலை 17-ல் தொடங்கிய போராட்டம் 1943 பிப்ரவரி 2-ஆம் தேதி ஜெர்மன் சேனை முற்றிலும் சரணடைந்ததோடு முடிந்தது. மொத்தம் 200 நாட்கள். முடிந்தபோது நகரத்தின் நடுப் பாகத்தில் முழுசாக நின்ற வீடு என்று ஒன்றைத் தேட வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு விசித்திரமான ஆசை வந்தது. கால்பந்து ஆட வேண்டும்!

வெறும் ஆட்டமல்ல. மாஸ்கோவிலிருந்து 'ஸ்பார்ட்டக்' கோஷ்டியே வர வேண்டும். யுத்தத்துக்கு முன் நாட்டின் சாம்பியன் கோஷ்டி அது. (அந்த ஸ்பார்ட்டக்குக்கும் அப்போது நல்ல காலமில்லை. அதைத் தொடங்கி வளர்த்த ஸ்டாரொஸ்டின் சகோதரர்கள் நால்வரும் 1942-ல் கைதாகிச் சிறையில் இருந்தார்கள். ஸ்டாலின் ராஜ்யத்தில் பந்தாட்டக்காரருக்கும் அந்தக் கதி உண்டு.)

ஊரில் மிச்சமிருந்த ஆட்டக்காரர்களைத் திரட்டினார்கள். பழைய டிராக்டர் கோஷ்டியில் ஆடியவர்கள் சிலர் அகப்பட்டார்கள். கோல் காவலர் வாசிலி யெர்மாசொவ் அவர்களில் முக்கியமானவர். 'ஸ்டாலின்கிராட் டைனமோ' என்ற பெயரில் ஒரு கோஷ்டி தயாராயிற்று. எங்கே ஆடுவது? நகரத்தின் தெற்குக் கோடியில் பெக்கெத்தோவ்க்கா என்ற பகுதி ஜெர்மானியர் கையில் சிக்காமல் தப்பியிருந்தது. அங்கே 'அஸோட்' என்று ஒரு சிறு மைதானம். குண்டுக் குழிகளை நிரவிச் சமப்படுத்தினார்கள்.

1943 மே மாதம் 2-ஆம் தேதி. சண்டை ஓய்ந்து சரியாக மூன்றே மாதம். ஸ்பார்ட்டக் கோஷ்டியார் மாஸ்கோவிலிருந்து விமானத்தில் வந்து இறங்கினார்கள். மைதானத்தைச் சுற்றிலும் ஜனங்கள். சிப்பாய்கள், ஆலைத் தொழிலாளிகள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த காயக்காரர்கள், குழந்தைகள். இடம் கிடைக்காதவர்கள் கூரைகளின் மேல் ஏறி நின்றார்கள். ஆட்டத்துக்கு முன் ஒரு போர் விமானம் தாழப் பறந்து வந்து பந்தை மைதானத்தில் போட்டதாம். அந்தப் பந்து தரையில் மோதிய வேகத்தில் துள்ளி எங்கேயோ போய்விட்டதாம். அன்று அங்கே இருந்தவர்கள் பிற்காலத்தில் பேரன் பேத்திகளுக்குச் சொல்லிச் சிரித்த கதை இது.

ஆட்டத்தின் முடிவு என்ன? அலெக்ஸாந்தர் மொய்ஸேயெவ் போட்ட ஒரே கோலில் ஸ்டாலின்கிராட் ஜெயித்தது. 1-0.

ஸ்பார்ட்டக் விட்டுக்கொடுத்து ஆடியிருக்குமோ என்று சிலர் சந்தேகப்படுவார்கள். நமக்கு அந்தச் சந்தேகமே அநாவசியமாகப் படுகிறது. அன்று அந்த மைதானத்துக்கு வந்தவர்களில், வீட்டில் ஒருவரைப் பறிகொடுக்காதவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவர்கள் ஒன்றரை மணி நேரம் வேறொன்றையும் நினைக்காமல் ஒரு பந்தைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். அடக்கம் செய்து முடித்த வீட்டில் மறுபடி அடுப்பு மூட்டுகிறோமே, அந்த மாதிரி.

அடுத்த மாதமே இன்னொரு சம்பவம் நடந்தது. அலெக்ஸாந்திரா செர்க்காஸோவா என்ற பெண்மணி, குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தவர், தம்மைப் போன்ற சிப்பாய்களின் மனைவிமாரைக் கூட்டினார். மொத்தம் 19 பேர். பகல் வேலை முடிந்த பிறகு, கூலி வாங்காமல், 'பாவ்லொவ் வீடு' என்ற இடிந்த கட்டடத்தைத் தூக்கி நிறுத்தப் புறப்பட்டார்கள். யாருக்கும் கொத்து வேலை தெரியாது. செய்து செய்து கற்றுக்கொண்டார்கள். அந்த 19 பேரைப் பார்த்து மற்ற தெருப் பெண்களும் கிளம்ப, அது நகரம் முழுவதும் பரவிய இயக்கமாகி, செர்க்காஸோவா பெயராலேயே வழங்கியது.

இங்கிலாந்திலிருந்தும் ஒரு கை நீண்டது. கோவென்ட்ரி நகரமும் ஜெர்மன் குண்டுகளால் சிதைந்த ஊர்தான். அவ்வூர்ப் பெண்கள் எண்ணூறுக்கு மேற்பட்டவர்கள் ஒரே மேஜை விரிப்பில் தங்கள் பெயர்களை நூலால் பின்னி, ஆளுக்கு ஆறு பென்ஸ் சேர்த்து ஸ்டாலின்கிராட்டுக்கு அனுப்பினார்கள். பெரிய இரக்கத்தைவிடச் சிறிய உதவி மேல் என்ற கருத்தையும் அதிலேயே தைத்திருந்தார்கள். அந்த விரிப்பு வால்கோகிராட் யுத்தக் காட்சிச் சாலையில் பத்திரப்படுத்தப்பட்டது. 1944-ல் இரண்டு ஊர்களும் சகோதர நகரங்களாயின. 1960-களில் நமது சென்னை மாநகரமும் அதே வால்கோகிராட்டின் சகோதர நகரமாயிற்று என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஆகையால் இது நமக்கு ஒரு வகையில் உறவுக்காரர் வீட்டுக் கதைதான்.

* * *

யுத்தத்துக்குப் பின் டிராக்டர் கோஷ்டி மறுபடி முதல் பிரிவில் ஆடியது. ஆனால் 1950-ல் கீழே இறங்கியது. இறங்கியது இறங்கியதுதான், திரும்ப மேலே வர ஏறக்குறைய நாற்பது வருஷம் பிடித்தது! இடையில் பெயர்தான் மாறிக்கொண்டே இருந்தது. டார்ப்பிடோ, மறுபடி டிராக்டர், உருக்கு என்று பொருள்படும் 'ஸ்டால்', பீரங்கி ஆலையின் பெயரான 'பாரிகாடி', கடைசியாக 1975-ல் 'ரோட்டர்'. யந்திரத்தில் சுழலுகிற பாகத்துக்கு ரோட்டர் என்று பெயர். வேலைக்கு அமர்த்துகிற வீடு மாறும்போதெல்லாம் சமையற்காரர் பெயரையும் மாற்றிக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான்!

இந்த நாற்பது வருஷத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஊர் எழும்பியது. போரில் மிகக் கொடிய சண்டை நடந்த மாமாயெவ் குன்றின் மேல், கையில் வாள் ஏந்தி மக்களை அழைக்கும் 'தாய்நாடு' சிலை 1967-ல் எழுந்தது. வாள் நுனி வரையில் 85 மீட்டர் உயரம். குன்றின் அடிவாரத்திலேயே கால்பந்து ஸ்டேடியம். மேலே ஆயிரக்கணக்கான வீரர்களின் கல்லறை. கீழே ஞாயிற்றுக்கிழமைக் கூச்சல்.

1988-ல் ரோட்டர் மேல் பிரிவுக்கு ஏறியது. இரண்டே வருஷத்தில் சறுக்கியது. 1991-ல் மறுபடி ஏறியது. அந்த வருஷக் கடைசியில் சோவியத் யூனியனே இல்லாமல் போயிற்று. 1992-ல் ருஷ்யாவுக்கென்று தனி லீக் ஏற்பட்டபோது ரோட்டர் அதில் முதல் வருஷத்திலிருந்தே ஆடியது.

அப்போது அந்த நாட்டுக் குடும்பங்கள் பட்ட பாடு சாமானியமல்ல. விலைவாசி ராக்கெட்டாகப் பறந்தது. சேர்த்து வைத்த பணம் காற்றில் கரைந்தது. ஆலைகளில் மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. அப்படிப்பட்ட காலத்தில்தான், ஆச்சரியமாக, ரோட்டரின் பொற்காலம் வந்தது. 1993-ல் நாட்டிலேயே இரண்டாம் ஸ்தானம். 1995-ல் ருஷ்யக் கோப்பையின் இறுதி ஆட்டம். மாஸ்கோ டைனமோவுடன் கோலே இல்லாமல் முடிந்து, பெனால்டி உதைகளில் 7-8 என்று கோப்பை நழுவியது.

அந்தக் கோஷ்டியின் உயிர்நாடி ஒலெக் வெரெத்தென்னிக்கொவ். நடுவில் நின்று ஆடுகிறவர். ஆனால் முன்னணிக்காரர்களைவிட அதிகம் கோல் போடுவார். 1995, 1997, 1998 என்று மூன்று வருஷம் ருஷ்ய லீகில் அதிகக் கோல் அடித்தவர் அவரே. 1995-ல் மட்டும் 25. ருஷ்ய லீகில் மொத்தம் 143 கோல். அந்தச் சாதனை வெகு காலம் நிலைத்து நின்று, பின்னால்தான் ஆர்ட்டெம் ஜூபா என்பவரால் முறிந்தது. இவ்வளவு செய்தவரை ருஷ்ய தேசியக் கோஷ்டியில் எத்தனை ஆட்டம் ஆட விட்டார்கள்? நாலே நாலு! வெளியூர்க்காரர் என்பதாலா, தேர்வாளர்களின் ருசி வேறு என்பதாலா என்று வால்கோகிராட்காரர்களைக் கேட்டால் ஒரே பதில்தான் வரும். நாமும் அவர்கள் கட்சிதான்.

இனி வருவது அந்த ஊரார் அலுக்காமல் சொல்லும் கதை. 1995 செப்டம்பரில் ஐரோப்பிய யுஇஎஃப்ஏ கோப்பைப் போட்டியில் ரோட்டருக்கு எதிராக வந்தது யார்? சாக்ஷாத் மான்செஸ்டர் யுனைடெட்! உலகம் முழுவதும் ரசிகர்கள் உள்ள, பணத்தில் புரளுகிற கோஷ்டி. முதல் ஆட்டம் வால்கோகிராட்டில், செப்டம்பர் 12-ஆம் தேதி. இரு பக்கமும் கோல் இல்லை. "சரி, இங்கிலாந்தில் பார்த்துக்கொள்வார்கள்" என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

செப்டம்பர் 26. மான்செஸ்டரில் ஓல்டு டிராஃபோர்டு மைதானம். பதினாறாவது நிமிஷத்தில் விளாதிமிர் நீடர்ஹாஸ் ஒரு கோல் போட்டார். (பெயரைக் கவனித்தீர்களா? ஜெர்மன் பெயர். ஸ்டாலின்கிராட் மண்ணின் கோஷ்டிக்கு ஜெர்மன் பெயர்க்காரர் கோல் போடுகிறார்! காலம் செய்யும் வேடிக்கை.) இருபத்து நாலாவது நிமிஷத்தில் வெரெத்தென்னிக்கொவ் இன்னொன்று. அரங்கமே வாயடைத்துப் போயிற்று.

இடைவேளைக்குப் பிறகு மான்செஸ்டரார் வெறி பிடித்தாற்போல் ஆடினார்கள். ஸ்கோல்ஸ் ஒரு கோலைத் திருப்பினார். ஆட்டம் முடிய ஒரே நிமிஷம் இருக்கும்போது மான்செஸ்டருக்கு ஒரு கார்னர். அவர்களுடைய கோல் காவலர், டென்மார்க்கைச் சேர்ந்த நெடிய மனிதர் பீட்டர் ஷ்மைக்கேல், தம் கோலைத் திறந்து போட்டுவிட்டு மைதானத்தின் மறுகோடிக்கு ஓடி வந்தார். வந்த பந்தைத் தலையால் முட்டினார். கோல்! காவற்காரரே கொள்ளையடித்த மாதிரி! இரண்டுக்கு இரண்டு.

ஆனால் பிரயோசனமில்லை. அந்நாளில் ஒரு விதி இருந்தது: இரண்டு ஆட்டங்களையும் சேர்த்துக் கணக்கு சமமாக இருந்தால், எதிராளி ஊரில் போட்ட கோலுக்கே மதிப்பு அதிகம். பிறந்த வீட்டில் வாங்குகிற நல்ல பெயரைவிடப் புகுந்த வீட்டில் வாங்குகிற நல்ல பெயருக்கு மதிப்பு அதிகமில்லையா, அந்த நியாயம்! (2021-ல் ஐரோப்பாவில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள்.) ரோட்டர் முன்னேறியது, மான்செஸ்டர் வெளியேறியது. ஷ்மைக்கேலின் கோலால் அவர்களுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல், 1956 முதல் ஐரோப்பியப் போட்டிகளில் சொந்த மைதானத்தில் தோற்றதில்லை என்ற பெருமை இன்னும் ஒரு வருஷம் பிழைத்ததுதான்.

அடுத்த சுற்றில் பிரான்ஸ் நாட்டுப் போர்தோ கோஷ்டியிடம் ரோட்டர் தோற்றது. அப்போது அந்தப் போர்தோவில் ஆடியவர்களில் ஒருவர் ஜினதின் ஜிதான் என்றால் தோல்வியில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

1997 நவம்பரில் வந்ததுதான் நிஜமான சோதனை. லீகின் கடைசி ஆட்டம், வால்கோகிராட்டில். முதலிடத்தில் ஸ்பார்ட்டக், இரண்டே புள்ளி பின்னால் ரோட்டர். எதிரெதிரே ஆடப்போவதும் இவர்கள் இருவர்தான்! ஜெயித்தால் ரோட்டர் ருஷ்யாவின் சாம்பியன். அந்த மாஸ்கோ ஸ்பார்ட்டக்; அதே ஊர். ஐம்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால் பெக்கெத்தோவ்க்காவில் நடந்தது மறுபடி நடக்குமா என்று ஊரே காத்திருந்தது.

நடக்கவில்லை. ஸ்பார்ட்டக் 2-0 என்று ஜெயித்துப் பட்டத்தோடு மாஸ்கோ போய்ச் சேர்ந்தது.

* * *

பிறகு சரிவு. ஆலைகள் தாங்கிப் பிடித்த காலம் போய்விட்டது. மாஸ்கோவிலும் பிற ஊர்களிலும் எண்ணெய்க் கம்பெனிகளும் கோடீசுவரர்களும் கோஷ்டிகளை வாங்கினார்கள். ரோட்டருக்கு அப்படி யாரும் அகப்படவில்லை. 2004-ல் கடைசி ஸ்தானத்தில் முடிந்து இறங்கியது. அடுத்த பிரிவில் ஆடுவதற்கு லைசென்ஸும் கிடைக்காமல், அதற்கும் கீழே போயிற்று. அதன் பின் ஏறுவதும் இறங்குவதுமாகப் பல வருஷம். ஒரு கட்டத்தில் தொழில்முறை ஆட்டத்தை விட்டே விலக நேர்ந்தது. கோஷ்டியைப் பெற்றெடுத்த டிராக்டர் ஆலையும் 2005-ல் திவாலாயிற்று.

ஆண்கள் கோஷ்டி இப்படித் தள்ளாடிய அதே காலத்தில் அவ்வூர்ப் பெண்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்க வேண்டாமா? வால்கோகிராட் டைனமோவின் பெண்கள் 'ஹேண்ட்பால்' கோஷ்டி ருஷ்ய சாம்பியன் பட்டத்தைப் பலமுறை வென்றது. அவ்வூரில் பிறந்த யெலெனா இஸின்பயேவா 2005-ல், கோல் ஊன்றித் தாண்டுவதில் ஐந்து மீட்டர் உயரத்தைக் கடந்த உலகின் முதல் பெண் ஆனார். ஆனால் ஊர்க்காரர்கள் முதலில் புலம்புவது என்னவோ ரோட்டரைப் பற்றித்தான்!

2018-ல் உலகக் கோப்பை ருஷ்யாவில் நடந்தபோது, மாமாயெவ் குன்றின் அடியிலிருந்த பழைய ஸ்டேடியத்தை இடித்துவிட்டு, 45,000 பேர் உட்காரக்கூடிய புதிய அரங்கம் கட்டினார்கள். அஸ்திவாரம் தோண்டியபோது வெடிக்காத யுத்தக் குண்டுகள் கிடைத்தன. அந்த ஊரில் எங்கே கடப்பாரை வைத்தாலும் 1942 தட்டுப்படும். உலகக் கோப்பையின் நாலு ஆட்டங்கள் அங்கே நடந்தன. ஜூன் 18-ஆம் தேதி அதே மைதானத்தில் இங்கிலாந்து, டுனீசியாவைக் கடைசி நிமிஷக் கோலில் 2-1 என்று வென்றது. விழா முடிந்து விருந்தாளிகள் போன கையோடு, ஜூலையில் ஒரு பெருமழையில் அரங்கத்தின் பக்கத்து மண்மேடு சரிந்து சாலைக்கு வந்தது. கல்யாணம் முடிந்த மறுநாள் பந்தல் சாய்ந்த கதை.

இவ்வளவு பெரிய அரங்கத்தில் ஆடுவதற்கு அப்போது மேல் பிரிவில் ஊர்க் கோஷ்டி இல்லை. 2020-ல் கொரோனாவால் லீக் பாதியில் நின்றபோது இரண்டாம் பிரிவின் தலைப்பில் இருந்தது ரோட்டர். பதினாறு வருஷத்துக்குப் பிறகு மேலே ஏறியது. ஒரே வருஷம், 2021-ல் மறுபடி இறக்கம். 2022-ல் இன்னும் ஒரு படி கீழே. 2024-ல் அந்தப் படியைத் திரும்ப ஏறியது.